ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை எழுத்து?

விரல்விட்டு எண்ணினால் எட்டு: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். இந்தப் பெயரை ஒரு தரவுத்தளத்தில் யூனிகோடில் சேமித்து, 'லெங்த்' என்ற சார்பைக் கொண்டு நீளம் கேட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 18 என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல்லிடம் அதே சொல்லால் அதே கேள்வியைக் கேட்டால் 54 என்று வரும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்கு 'லெங்த்' தெரியாது. 'லென்' என்று கேட்டால் அதுவும் 18 என்னும், 'டேட்டாலெங்த்' என்று கேட்டால் 36 என்னும்.

எந்தத் தரவுத்தளமும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் 'வி' என்பது வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ல்' என்பது லகரமும் புள்ளியும். ஸ்ரீ மட்டும் நான்கு குறியீடுகளை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து 18. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் 54. யுடிஎஃப்-16 முறையில் இரண்டு பைட் போதும் என்பதால் 36. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராஜபாளையத்துக்கு இதே கணக்கு: ஆறு எழுத்து, 10 குறியீடு, 30 பைட்.

'ஊர்ப் பெயரின் நீளம் 40-ஐத் தாண்டினால் இரண்டாம் வரியில் அச்சிடு' என்று மைஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஒரு கட்டளையை அப்படியே போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுபோனால், கட்டளை ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது. முகவரிச் சீட்டுகள் மட்டும் வேறு மாதிரி அச்சாகும். தரவுத்தளம் மாற்றுகிற வேலையில் என்னை எப்போதும் கவலைப்படுத்துவது இந்த வகைதான். ஓடாத கட்டளை அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டே வேறு விடை தருகிற கட்டளை ஆண்டுக்கணக்கில் மாட்டாமல் இருக்கும்.

தரவுத்தளங்களுக்குக் கட்டளை எழுதும் எஸ்க்யூஎல் என்பது ஒரே மொழி என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை முன்வைத்தார்கள். ஆரக்கிள் 1979இல் சந்தைக்கு வந்துவிட்டது. அமெரிக்கத் தர நிறுவனம் எஸ்க்யூஎல்லுக்கு முதல் தரநிலையை வெளியிட்டதோ 1986இல். அதற்குள் நிறுவனங்கள் தங்கள் தங்கள் வசதிக்குச் சார்புகளைச் சேர்த்து விற்றிருந்தன. வாங்கியவர்கள் அவற்றை நம்பி ஆயிரக்கணக்கில் வரிகள் எழுதியிருந்தார்கள். முதல் பத்து வரிகளை மட்டும் கொடு என்கிற சாதாரணக் கோரிக்கைக்கே தரநிலை 2008இல்தான் ஒரு வடிவம் தந்தது. அதற்கு முன்பே எஸ்க்யூஎல் சர்வரில் 'டாப்', மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் 'லிமிட்', ஆரக்கிளில் 'ரோநம்' என்று ஆளுக்கொரு வழி வேரூன்றிவிட்டது.

ராஜபாளையம் பக்கம் இந்தச் சிக்கல் தூரத்துச் செய்தி இல்லை. நூற்பாலையிலும் சிமென்ட்டிலும் வளர்ந்த ராம்கோ குழுமத்துக்கு இதுதான் சொந்த ஊர். 1997இல் தனி நிறுவனமாகப் பதிவான ராம்கோ சிஸ்டம்ஸ், கணக்கு, கிடங்கு, ஊதியம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கட்டும் இஆர்பி தொழிலில் சென்னையில் இருந்து இயங்குகிறது. ஊருக்குள்ளும் சுற்றிலும் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் கடைகள். இப்படிப்பட்ட ஊரில் மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு ஆலை, உரிமக் கட்டணம் கட்டி மாளாமல் ஆரக்கிளில் இருந்து கட்டணமில்லாத போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கற்பனை ஆலையின் ஊதியப் பட்டியலில் இருந்து.

முதலில் எளிய வேலை. வெறுமையாக இருக்கும் புலத்துக்குப் பதில் ஒரு மதிப்பைக் கொடு என்பதற்கு ஆரக்கிளில் 'என்விஎல்', எஸ்க்யூஎல் சர்வரில் 'இஸ்நல்', மைஎஸ்க்யூஎல்லில் 'இஃப்நல்', தரநிலையில் 'கோயலெஸ்'. இந்த நேரத்தைச் சொல் என்பதற்கு 'சிஸ்டேட்', 'கெட்டேட்', 'நௌ'. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். தேடி மாற்றும் வசதியுள்ள எந்த உரைத்திருத்தியிலும் இதைச் செய்துவிடலாமே என்றும் தோன்றும். ஆனால் 'இஸ்நல்' மைஎஸ்க்யூஎல்லிலும் உண்டு. அங்கே அது மதிப்பை நிரப்பாது. வெறுமையா என்று பார்த்து 1 அல்லது 0 என்று மட்டும் சொல்லும்.

தேடி மாற்றுவது அடியோடு தோற்றுப்போகும் இடம் ஆரக்கிளின் பழைய (+) குறி. 'எல்லாத் தொழிலாளர்களையும் காட்டு, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டு' என்று கேட்க, நிபந்தனைப் பகுதியில் ஒரு புலத்தின் ஓரத்தில் இந்தக் குறியைப் போட்டுவிடுவார்கள். மற்றத் தரவுத்தளங்களில் இதே இணைப்பை அட்டவணைகளைப் பட்டியலிடும் பகுதியிலேயே 'லெஃப்ட் அவுட்டர் ஜாயின்' என்று எழுத வேண்டும். அதாவது கட்டளையின் கடைசியில் கிடக்கும் ஒரு சின்னக் குறியைப் பார்த்து, அதன் நடுப்பகுதியையே திரும்பக் கட்ட வேண்டும். இதற்குக் கட்டளையை எழுத்துகளின் வரிசையாகப் பார்த்தால் போதாது. அதைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று ஒரு மரமாக அமைத்து, அந்த மரத்தில் கிளைகளை இடம் மாற்றி, பிறகு புதிய தரவுத்தளத்தின் வழக்கில் எழுத வேண்டும்.

சென்னையில் இந்த வேலை உலகச் சந்தைக்கான பொருளாகவே உருவானது. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருள்களோடு 'ஸ்விஸ்எஸ்க்யூஎல்' என்ற பெயரில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வரிசையையும் வெளியிட்டது. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், டிபி2, சைபேஸ், இன்ஃபார்மிக்ஸ், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் ஒன்றின் வழக்கில் எழுதிய கட்டளையைக் கொடுத்தால் இன்னொன்றின் வழக்கில் திருப்பித் தரும். அட்வென்ட்நெட் 2009இல் ஸோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. 2011இல், ராஜபாளையத்தில் இருந்து கொல்லம் சாலையில் தெற்கே போனால் வரும் தென்காசிக்கு அருகே, மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. இன்று ஸோஹோ அனலிட்டிக்ஸில் அறிக்கை தயாரிப்பவர் தனக்குப் பழகிய தரவுத்தளத்தின் வழக்கிலேயே கேள்வியை எழுதலாம். ஆரக்கிள் ஆள் ஆரக்கிள் மாதிரி, மைஎஸ்க்யூஎல் ஆள் அது மாதிரி. திரைக்குப் பின்னால் மொழிபெயர்ப்பு நடந்துகொள்கிறது. ஒரு வசதியாக இது எனக்குப் பிடித்திருக்கிறது. பயனரிடம் புது வழக்கைப் படித்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

மரம் கட்டும் கருவி வடிவத்தைக் காப்பாற்றும். விடையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது என்பதற்கு நம் பெயர்களே சாட்சி. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் உண்டு. ஊதியப் பட்டியலில் அதற்கென்று தனிப் புலம். சிலருக்கு அந்தப் புலம் காலியாக இருக்கும். இனிஷியலையும் பெயரையும் இரட்டை நெடுங்கோட்டால் (||) ஒட்டி ஊதியச் சீட்டில் அச்சிடுகிறது ஆலை. ஆரக்கிளில் இனிஷியல் வெறுமையாக, அதாவது 'நல்' என்ற மதிப்பின்மை அடையாளத்தோடு இருந்தாலும் பெயர் வந்துவிடும். அதே கட்டளை போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஒரு புள்ளி மாறாமல் ஓடும்; ஆனால் மதிப்பில்லாத ஒன்றோடு எதை ஒட்டினாலும் விடையும் மதிப்பில்லாததே என்பது அங்கே விதி. ஆகவே இனிஷியல் இல்லாதவர்களின் பெயர் முழுதாகவே காணாமல் போகும். மைஎஸ்க்யூஎல்லுக்குக் கொண்டுபோனாலோ இன்னும் வேடிக்கை. இயல்புநிலையில் இரட்டை நெடுங்கோடு அங்கே 'அல்லது' என்று பொருள்படும் தருக்கக் குறி. பெயர்களை எண்ணாக மாற்றிப் பார்த்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று எழுதி வைக்கும்.

இதற்கு வேர் ஆரக்கிளின் ஒரு பழைய முடிவில் இருக்கிறது. ஒன்றுமே எழுதாத வெற்றுச் சரத்தையும் மதிப்பின்மையையும் அது ஒன்றாகவே கருதுகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய மற்ற மூன்றும் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. 'இவருக்கு இனிஷியல் கிடையாது' என்பதும் 'இவருடைய இனிஷியல் நமக்குத் தெரியாது' என்பதும் வேறு வேறு செய்திகள் என்பது அவற்றின் கட்சி. நியாயம் அவற்றின் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டாக ஆரக்கிளில் எழுதப்பட்ட கட்டளைகள் நியாயம் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு ஒட்டலுக்கும் 'கோயலெஸ்' போர்த்திக் கொடுப்பதே பாதுகாப்பான மொழிபெயர்ப்பு. படிக்க அசிங்கமாக இருக்கும், பெயர் தொலையாது. 'கான்கேட்' என்ற ஒட்டுச் சார்பு எல்லாவற்றிலும் இருக்கிறதே என்று அதை நம்பவும் முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அது வெறுமையைத் தாண்டிப் போகும், மைஎஸ்க்யூஎல்லில் மொத்தத்தையும் வெறுமையாக்கும்.

அடுத்தது இரவு ஷிஃப்ட். ஆரக்கிளில் 'டேட்' என்ற வகையில் நாளோடு மணி, நிமிடம், நொடியும் சேர்ந்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே பெயருள்ள வகையில் நாள் மட்டுமே. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அப்படியே மாற்றினால், இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்தவரும் காலை எட்டுக்கு வந்தவரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். ஓரா2பிஜி போன்ற இடமாற்றக் கருவிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, நேரமும் கொள்ளும் 'டைம்ஸ்டாம்ப்' வகைக்கே மாற்றுகின்றன. நல்லது, ஆனால் சிக்கல் அதோடு தீரவில்லை. ஆரக்கிளில் போன நேரத்தில் இருந்து வந்த நேரத்தைக் கழித்தால் விடை நாள் கணக்கில் வரும். எட்டு மணி நேரம் என்றால் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. அதை 24ஆல் பெருக்கினால் 8. ஆலையில் எல்லாரும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் கழித்த உடனேயே 'எட்டு மணி நேரம்' என்ற கால அளவு வந்துவிடுகிறது. அதையும் விடாமல் 24ஆல் பெருக்கினால் 192 மணி நேரம். அந்த அளவை ஓர் எண்ணோடு ஒப்பிடப் போனால் போஸ்ட்கிரெஸ் தடுத்து நிறுத்தும். அறிக்கையில் வெறுமனே அச்சிட்டால் தடுக்காது. ஒரே ராத்திரியில் எட்டு நாள் உழைத்தவராக ஒருவர் பட்டியலில் நிற்பார்.

வகுத்தலும் இதே ரகம். 7-ஐ 2-ஆல் வகுத்தால் ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் 3.5, போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் இரண்டும் முழு எண்ணாக இருந்தால் 3. வருகைச் சதவீதத்துக்காக 23-ஐ 26-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஓரிடத்தில் 88.46, இன்னோரிடத்தில் சுழி. சுழி வந்தால் யாராவது கத்துவார்கள், ஆகவே அது நல்ல பிழை. சராசரி எடுக்கும் சார்பு அப்படிக் கத்தவிடாது. ஒரு பால்கோவா கடையின் மூன்று பில்கள் 200, 150, 180 ரூபாய், எல்லாம் முழு எண். சராசரி போஸ்ட்கிரெஸ்ஸில் 176.67, எஸ்க்யூஎல் சர்வரில் 176. அறுபத்தேழு காசை யார் தேடப் போகிறார்கள்?

'முதல் பத்து' கேள்விக்குத் திரும்புவோம். அதிகத் தொகையுள்ள பத்து பில்களைக் கேட்கும் மைஎஸ்க்யூஎல் கட்டளையில் 'லிமிட் 10' கடைசியில் நிற்கும். வரிசைப்படுத்திய பிறகு பத்தை எடுக்கும். அதை ஆரக்கிளின் பழைய பதிப்புக்கு மாற்றும்போது 'ரோநம் பத்துக்குள்' என்று அதே மட்டத்தில் எழுதினால், எண் போடுவது முதலில் நடந்து, வரிசைப்படுத்துவது பிறகு நடக்கும். கையில் கிடைத்த ஏதோ பத்து பில்கள் அழகாக வரிசையாக வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. வரிசைப்படுத்திய கேள்வியை உள்ளே வைத்து, வெளியே இன்னொரு கேள்வியால் பத்தை எடுக்க வேண்டும்.

தமிழ்த் தரவுக்கென்றே தனியாகச் சில பள்ளங்கள் உண்டு. ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கினால் போஸ்ட்கிரெஸ்ஸில் அது 20 குறியீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் உட்காரும். ஆரக்கிளில் இயல்பாக அது 20 பைட், ஆறு குறியீட்டுக்கு மேல் இடமில்லை என்று மறுத்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் சாதாரண எழுத்து வகையில், வழக்கமான அமைப்பில் போட்டால் பதினெட்டு கேள்விக்குறிகள் சேமிக்கப்படும். 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் யூனிகோடு வகை வேண்டும், கட்டளைக்குள் எழுதும் சரத்துக்கு முன்னாலும் அந்த எழுத்தைப் போட வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க வழியே இல்லை.

அதைவிட நுட்பமானது ஸ்ரீ. 2005இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பு 'ஶ' என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்தது. ஸ்ரீயை அந்த எழுத்தைக் கொண்டே குறிப்பது முறை என்றும் ஆனது. அதற்கு முன்பு 'ஸ'வைக் கொண்டு எழுதிவந்தார்கள். பலரின் விசைப்பலகைகள் இன்றும் அப்படியே தட்டுகின்றன. திரையில் பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டும். தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு சரங்கள். யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் அவற்றை ஒன்றாக்குவதில்லை. அரசு வழக்கில் உள்ள திருவில்லிபுத்தூரையும் சேர்த்தால் ஒரே ஊர் மூன்று ஊராகிவிடும். ஊர்வாரியாகக் கூட்டும் அறிக்கைகளில் பெயரை விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125, ராஜபாளையத்துக்கு 626117 என்று அஞ்சல் குறியீட்டைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

அகரவரிசையும் தரவுத்தள அமைப்பைப் பொறுத்தது. யூனிகோடு அட்டவணையில் றகரம் லகரத்துக்கு முன்னால் இருக்கிறது. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் மறைமலை முந்தி, மலர்விழி பிந்தி நிற்பார். நம் அகராதி முறைப்படி மலர்விழிதான் முதலில். போஸ்ட்கிரெஸ்ஸில் 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் இருந்து ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும், தானாக வராது.

இத்தனைக்கும் பிறகும் பெரிய இடமாற்றங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அமேசான் தன் நுகர்வோர் வணிகத்தின் கடைசி ஆரக்கிள் தரவுத்தளத்தை 2019 அக்டோபரில் நிறுத்தியதாக அறிவித்தது. ஏறக்குறைய 7,500 தரவுத்தளங்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவு இடம் மாறியிருந்தது. இந்திய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருள்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. கட்டளையை மாற்றாமல் தரவுத்தளத்தையே மாற்றி நடிக்கவைக்கும் வழியும் வந்துவிட்டது. அமேசான் 2021இல் திறந்த மூலமாக வெளியிட்ட பேபல்ஃபிஷ், எஸ்க்யூஎல் சர்வரிடம் பேசுவது போலவே போஸ்ட்கிரெஸ்ஸிடம் பேசவைக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவிடமும் மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். கண்ணுக்கு இலக்கணமான கட்டளை நொடியில் கிடைக்கிறது. நாம் பார்த்த பிழைகளும் கண்ணுக்கு இலக்கணமானவையே.

ஆகவே எந்தக் கருவியானாலும், பழையதையும் புதியதையும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு விடைகளை ஒப்பிடுவதுதான் சோதனை. வரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வீண். இனிஷியல் இல்லாதவர், நள்ளிரவைத் தாண்டி வேலை பார்த்தவர் என்று முரண்டு பிடிக்கும் வரிகளைப் பொறுக்கி எடுத்து ஓட்ட வேண்டும். அவற்றை நிரலரைவிட ஊதியப் பிரிவு எழுத்தர் நன்றாக அறிவார். மாதக் கடைசியும் தவறக்கூடாது. 2025 பிப்ரவரி 28இல் கொடுத்த கடனுக்கு ஒரு மாதம் கழித்துத் தவணை என்றால், ஆரக்கிளின் 'ஆட் மன்த்ஸ்' மாதத்தின் கடைசி நாளுக்கு மாதத்தின் கடைசி நாள் என்று கணக்கிட்டு மார்ச் 31 என்னும். மற்ற மூன்றும் மார்ச் 28 என்னும்.

ஒப்பீட்டில் வேறுபாடு தெரிந்தால் பழையதுதான் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுச் சேவை வேண்டும் என்பது பொது விதி. நம் ஆலைக்குப் பதில் எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருந்த ஓர் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 30இல் சேர்ந்து 2024 ஜனவரி 5இல் விலகியவருக்குச் சேவை எத்தனை ஆண்டு என்று அங்கே 'டேட்டிஃப்' சார்பைக் கேட்டால் 5 என்று சொல்லும். நடுவில் எத்தனை புத்தாண்டு கடந்தது என்று மட்டுமே அது எண்ணுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் 'ஏஜ்' சார்பு நான்கு ஆண்டு ஆறு நாள் என்று சரியாகச் சொல்லும். கருவி விசுவாசமாக மொழிபெயர்த்தால் புதிய தரவுத்தளத்திலும் 5 வரும்படி ஒரு சூத்திரம் எழுதித் தரும், பழைய தவறு பத்திரமாக வந்து சேரும். திருத்தி எழுதினால் 4 வரும். ஆனால் இதுவரை 5 என்று கணக்கிட்டுப் பணம் கொடுத்த ஆட்களின் கதி என்ன, இனி விலகப் போகிறவர்களிடம் என்ன சொல்வது என்ற கேள்விகள் எழும். அது நிரலர் இரவோடு இரவாகத் தீர்க்கிற விஷயம் இல்லை. இரண்டு விடைகளையும் ஒரே தாளில் எழுதிப் பணியாளர் பிரிவு மேலாளரிடம் கொடுத்து, எது வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு கட்டளையைத் தொட வேண்டும்.